லைனை நிறுத்தும் உரிமை

(ஓசூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓசூரில் நின்றுகொண்டு ஓர் இந்தி நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் கேள்விக்குறி தெரிகிறது. தமிழில் தொடர்களுக்கா பஞ்சம் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். ஆனால் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. மூக்கண்டப்பள்ளியிலும் பேடரப்பள்ளியிலும் ஜூஜுவாடியிலும் வரிசை வீடுகளில் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா இளைஞர்கள் ஷிப்ட் முடிந்து வந்து கைபேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் இருக்கும், போஜ்புரிப் பாட்டு இருக்கும். அதோடு ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’வும் இருக்கும். நம் பக்கத்து வீட்டுக்காரர் எதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தார் என்று தெரிந்துகொள்ளும் தேவை நமக்கு இருக்கிறது. அந்தத் தொடரில் ஒரு தமிழரும் இருக்கிறார் என்பதால் தேவை இன்னும் கூடுகிறது.

2008 ஜூலை 28இல் சப் டிவியில் தொடங்கிய தொடர் இது. இன்னும் ஓடுகிறது, 4000 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. தினசரி சிட்காம்களில் எபிசோடு எண்ணிக்கையால் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. கதை நடக்கும் இடம் மும்பை கோரேகாவில் ‘கோகுல்தாம் சொசைட்டி’ என்ற கற்பனைக் குடியிருப்பு. எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் குஜராத்தி ஜேட்டாலால், அவர் மனைவி தயா, அப்பா சம்பக்லால், குறும்புக்காரப் பையன் டப்பு. டியூஷன் நடத்தும் மராத்தி வாத்தியார் பிடே, அப்பளமும் ஊறுகாயும் போட்டு விற்கும் அவர் மனைவி மாதவி. பஞ்சாபி மெக்கானிக் சோடி, அவருடைய பார்சி மனைவி. பீகார் டாக்டர் ஹாத்தி. கல்யாணத்துக்குப் பெண் தேடும் பத்திரிகைக்காரர் போப்பட்லால். தமிழ் விஞ்ஞானி கிருஷ்ணன் ஐயர், அவருடைய வங்காளி மனைவி பபிதா. வாசலில் அப்துல் கடை.

தொடங்கிய காலத்தில் இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லாமல் அதன் சரிவைப் பேசுவது சரியாகாது. 2000 முதல் 2008 வரை இந்தித் தொலைக்காட்சியை ஆண்டது ‘கியூங்கி சாஸ் பி கபி பஹூ தீ’. மாமியார், மருமகள், சொத்து, சதி, செத்துப் பிழைத்து வரும் கணவன். பட்டுப்புடவையோடு தூங்கி எழும் பெண்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே, தண்ணீர் வரவில்லை, பள்ளிக் கட்டணம் கூடிவிட்டது, கடைக்குக் கடன்காரன் வந்து நிற்கிறான் என்ற அளவிலான துன்பங்களை எடுத்துக்கொண்டு ஒரு குடியிருப்பே சேர்ந்து சமாளிப்பதைக் காட்டியது இந்தத் தொடர். சொசைட்டி செயலாளர் என்ற பதவியைப் பிடே எவ்வளவு பெரிதாக மதிக்கிறார் என்பதில் ஒரு நடுத்தர வர்க்க மனிதரின் முழு வாழ்க்கையும் தெரிந்தது. தயாவாக நடித்த திஷா வகானியின் குரலும் கர்பா ஆட்டமும் வட இந்திய வீடுகளில் பிள்ளைகள் நடித்துக் காட்டும் அளவுக்குப் போயின. ஜேட்டாலாலாக நடிக்கும் திலீப் ஜோஷி குஜராத்தி நாடக மேடையில் தேறியவர். ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்டுக்கொண்டே முகத்தில் நாலு நிலைகளைக் காட்டக்கூடிய நடிகர்.

இதற்கெல்லாம் ஊற்று ஒரு பத்தி. குஜராத்தி வார இதழ் ‘சித்ரலேகா’வில் 1971இல் தாரக் மேத்தா என்பவர் எழுதத் தொடங்கிய நகைச்சுவைப் பத்தி. 1929இல் அகமதாபாத்தில் பிறந்தவர், நாடகக்காரர், மும்பையில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் வேலை பார்த்தவர். 2015இல் பத்மஸ்ரீ பெற்றார், 2017 மார்ச் 1இல் காலமானார். வாரம் ஒன்று என்று எழுதினார். ஆனந்த விகடனில் தேவன் ‘துப்பறியும் சாம்பு’வை எழுதிய கதியும் அத்தகையதுதான். வாரம் ஒன்று என்றால், அந்த ஏழு நாளில் எழுத்தாளர் கடைத்தெருவுக்குப் போவார், நாலு பேரோடு சண்டை போடுவார், ஒரு சாவு வீட்டுக்குப் போய் வருவார். அதெல்லாம் அடுத்த வாரத்துக் கதைக்குள் வந்து சேரும்.

இனி சரிவுக்கு வருகிறேன்.

எல்லோரும் சொல்லும் காரணம், நடிகர்கள் போய்விட்டார்கள் என்பது. பட்டியல் நீளம்தான். 2017இல் மகப்பேற்று விடுப்பில் சென்ற திஷா வகானி முழுநேரமாகத் திரும்பவேயில்லை. டப்புவாகப் பிள்ளைப் பருவத்திலிருந்து வளர்ந்த பவ்ய காந்தி அதே ஆண்டில் விலகினார். அதன்பின் டப்பு இரண்டு முறை முகம் மாறிவிட்டான். 2018 ஜூலையில் டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் இறந்தார். 2021 அக்டோபரில் ஜேட்டாலால் கடையின் வயதான ஊழியர் நட்டு காகாவாக நடித்த கன்ஷ்யாம் நாயக் காலமானார். கதைசொல்லி தாரக் மேத்தாவாகவே நடித்த சைலேஷ் லோடா 2022இல் விலகினார்.

ஆனாலும் இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் பி.பி.சி. ‘லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்’ என்ற நகைச்சுவைத் தொடரை 1973 முதல் 2010 வரை ஒளிபரப்பியது. முதியவர்களைப் பற்றிய தொடர். நடிகர்கள் இறந்தார்கள், புதியவர்கள் வந்தார்கள், தொடர் நடந்தது. 37 ஆண்டுகளில் மொத்தம் 295 எபிசோடுகள். அத்தனையையும் எழுதியவர் ராய் கிளார்க் என்ற ஒரே மனிதர். கோகுல்தாம் ஏறக்குறைய ஓர் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

திலீப் ஜோஷியே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் நகைச்சுவைக் கலைஞர் சௌரப் பந்துடன் நடந்த ஒலிப்பேட்டியில், எண்ணிக்கையைப் பார்த்தால் தரம் அடிவாங்கும், எழுத்தாளர்களுக்கு முன்பு நேரம் இருந்தது, இப்போது தினம் ஒரு விஷயம் தேடியாக வேண்டும், அவர்களும் மனிதர்கள்தானே, பல எபிசோடுகளில் நகைச்சுவை சரியாக அமையவில்லை என்ற பொருளில் பேசினார். தன் வயிற்றுப்பாடு சார்ந்த தொடரைப் பற்றி நாயகனே இப்படிப் பேசுவது அபூர்வம். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தப் பேட்டியில் அவர் சொன்ன இன்னொன்று: ஏறக்குறைய ஃபாக்டரியில் வேலை செய்வதுபோல் ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஓசூர்க்காரர்கள் மறுத்துப் பேச வேண்டும். ஃபாக்டரி என்றால் தரம் குறைந்துதான் போகுமா? 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது இந்த ஊரிலிருந்து. 2002இல் தரத்துக்கான ஜப்பானிய டெமிங் விருதை டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. டைட்டன் கைக்கடிகாரம் இங்கே உருவாகிறது. அதற்குள் இருக்கும் திருகைக் கண்ணால் பார்ப்பதே கடினம். இந்த அவையில் லைனில் நிற்பவர்கள் இருக்கிறீர்கள். வேகம் மட்டுமே தரத்தைக் கெடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள், தப்பானதை ரீவொர்க்குக்கு அனுப்புகிறார்கள், முடியாததை ரிஜெக்ட் செய்கிறார்கள். டொயோட்டா உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த முறையில், கோளாறு கண்ட கடைநிலைத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். அந்த உரிமைதான் அந்த முறையின் உயிர்.

தினத்தொடரில் அந்தக் கயிறு கிடையாது. இன்றைய காட்சி சிரிப்பு வரவில்லை, நிறுத்துங்கள், நாளை மறுபடி எழுதுவோம் என்று சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. இரவு எட்டரைக்கு எபிசோடு போயாக வேண்டும். திங்கள் முதல் வெள்ளி என்றிருந்தது சனிக்கிழமைக்கும் நீண்டது. ரிஜெக்ட் ஆக வேண்டிய சரக்கெல்லாம் பெட்டியில் அடைபட்டு வீட்டுக்கு வந்து சேர்கிறது.

எப்படி வந்து சேர்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒருவர் ஒரு வசனம் சொல்வார். கேமரா உடனே ஒவ்வொரு முகமாகப் போகும். பிடேயின் முகம், ஒரு டமால். மாதவியின் முகம், ஒரு டிங். சோடி, ஹாத்தி, போப்பட்லால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி சத்தம். ஒரு வசனத்துக்குப் பத்து முகம். எழுத வேண்டிய பக்கங்கள் இப்படிக் குறைகின்றன. இரண்டு எபிசோடில் முடிய வேண்டிய கதை இரண்டு வாரம் இழுக்கிறது. இடையில் வருவது கனவு என்று பிறகு தெரியும். கடைசியில் எல்லோரும் காம்பவுண்டில் வட்டமாக நின்று சுற்றுச்சூழல் பற்றியோ ஒற்றுமை பற்றியோ பேசுவார்கள். அந்தக் கருத்துகளில் எனக்குக் குறையில்லை. நகைச்சுவை செய்ய வேண்டிய வேலையை அறிவுரை செய்கிறது என்பதுதான் குறை.

தேவனின் சாம்பு கல்யாணம் செய்துகொள்கிறார். வேம்பு வருகிறாள், குடும்பம் உண்டாகிறது, கதையின் நிறம் மாறுகிறது. போப்பட்லாலுக்குப் பதினேழு ஆண்டுகளாகப் பெண் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கைகூடும் நேரத்தில் ஏதோ ஒன்று தடுக்கும். தொடக்கத்தில் அந்த மனிதரின் தனிமை நம்மைத் தொட்டது. ஒருவருக்கு அப்படி நேரக்கூடும் என்று நம்பினோம். நூறாவது முறை அது கதாபாத்திரத்தின் விதியாகத் தெரியவில்லை, எழுத்தாளர் அறையின் வசதியாகத் தெரிகிறது. தயாவின் விஷயம் இன்னும் வேதனை. அவர் அகமதாபாத்தில் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லி, இதோ வருகிறார், அடுத்த வாரம் வருகிறார் என்று ஆண்டுக்கணக்கில் பார்வையாளர்களைக் காக்க வைத்தார்கள். 2023 இறுதியில் ஒருமுறை அப்படி ஏமாற்றியபோது தொடரைப் புறக்கணிப்போம் என்று ரசிகர்களே கொதித்தார்கள். பாசம் வைத்த பார்வையாளரின் பாசத்தையே தூண்டிலாக்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நகைச்சுவைக்கு கேஜ் எது? சிரிப்புதான். வேறு கருவி கிடையாது. நம் கிரேசி மோகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் கிரேசி கிரியேஷன்ஸ் தொடங்கியதிலிருந்து 2019 ஜூனில் அவர் மறையும் வரை, ஒரே நாடகத்தை நூற்றுக்கணக்கான முறை மேடையேற்றியவர்கள் அவர்கள். ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். மாது, சீனு என்று நாடகத்துக்கு நாடகம் அதே பெயர்கள், அதே ஆள்மாறாட்டம், அதே குழப்பம். அலுக்கவில்லை. ஏன்? மேடையில் ஒரு வசனம் விழுந்தால் அந்த நொடியே நடிகருக்குத் தெரிந்துவிடும். எதிரே ஐந்நூறு பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நடிகர் மாது பாலாஜி அடுத்த காட்சியிலேயே ஒரு வினாடி நிறுத்திப் பேசுவார், ஒரு சொல்லை முன்னே தள்ளுவார். இருநூறாவது தடவை அந்த நாடகம் முதல் தடவையைவிடக் கூர்மையாக இருக்கும். திரும்பச் செய்வது அங்கே மெருகு ஏற்றுகிறது. தினத்தொடரில் ஒரு காட்சி ஒரே முறைதான் நடிக்கப்படுகிறது. நடிக்கும்போது எதிரே யாரும் இல்லை. எவன் சிரித்தான், எவன் சிரிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. டி.ஆர்.பி. மட்டும் தெரியும். டி.ஆர்.பி. சொல்வது வீட்டில் அந்த சேனல் ஓடியதா என்பதைத்தான். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பின்னணியில் ஓட விட்டிருந்தாலும் அது கணக்கில் வரும்.

நம் தொலைக்காட்சியின் நிலை இதைவிட மேல் என்று நான் சொல்லவில்லை. தூர்தர்ஷன் காலத்தில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தார், எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’ வந்தது. பின்னர் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக இயக்குநர் நாகா ‘ரமணி வெர்சஸ் ரமணி’ எடுத்தார். கணவன் மனைவி இருவர் வாழ்க்கையிலிருந்து அவ்வளவு எடுக்க முடியும் என்று காட்டிய தொடர் அது. பிறகு அந்த வகையே ஏறக்குறைய வற்றிவிட்டது. சிரிப்பு தனி மேடைப் போட்டிகளுக்குப் போனது, வீட்டுக் கதைகள் முழுக்க அழுகைக்குப் போயின.

இப்போது ஐயர். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2008இல் அந்தக் கதாபாத்திரத்தைப் படைத்தபோது அதில் ஒரு நல்லெண்ணம் இருந்தது. விஞ்ஞானி, கண்ணியமானவர், வங்காளிப் பெண்ணைக் காதலித்து மணந்தவர். 1968இல் வந்த ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் செய்த மதராசி பாட்டு வாத்தியாரை நினைத்தால் இது எவ்வளவோ முன்னேற்றம். நடித்தவர் தனுஜ் மகாசப்தே, மத்தியப் பிரதேசத்துக்காரர். நடிகர் தமிழராக இருந்தாக வேண்டும் என்பது என் வாதமில்லை. அந்த மனிதரைப் பற்றி எழுதும் அறையில் தமிழ்க் குடும்பம் ஒன்றையாவது உள்ளிருந்து பார்த்தவர் இருந்தாரா என்பதுதான் என் கேள்வி. எபிசோடுகள் நூறாக, ஆயிரமாகப் பெருகியபோது ஐயரிடம் மிஞ்சியது மூன்று: கறுப்பு நிறம், ‘அய்யோ’, அழகான மனைவி. ஜேட்டாலால் பபிதாவை வழிந்து பார்ப்பதற்குக் குறுக்கே நிற்கும் கறுப்புச் சுவர். நிறத்தை வைத்து அவர்மேல் வீசப்படும் வசனங்களுக்கு டமால் சத்தமும் உண்டு. நேரம் இல்லாத எழுத்தாளன் முதலில் கைநீட்டுவது மனிதர்களின் வெளித்தோலைத்தான். அதற்கு வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தரம் சரிவது அழகியல் பிரச்சினை மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அந்தச் சரிவின் செலவை யாரோ ஒருவர் கட்டுகிறார். இங்கே கட்டியவர் ஐயர்.

2020 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. சம்பக்லால் ஓர் எபிசோடில், மும்பையின் மொழி இந்தி, அதனால் சொசைட்டிப் பலகையில் இந்தியில் எழுதுகிறோம், சென்னையில் இருந்தால் தமிழில் எழுதுவோம் என்ற பொருளில் பேசினார். மகாராஷ்டிராவில் எதிர்ப்புக் கிளம்பியது. தயாரிப்பாளர் அசித் குமார் மோதி மும்பையின் மொழி மராத்தியே என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டிலேயே பிடே என்ற மராத்தி வாத்தியார் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த சம்பக்லாலுக்கு அவர் நினைவு வந்திருக்க வேண்டாமா? கதாபாத்திரங்களை ஒருவரையொருவர் அறியாதவர்களாக ஆக்கிவிட்டது வேகம். 2009இல் அந்த வசனம் வந்திருந்தால் பிடே அடுத்த வரியிலேயே சண்டைக்கு நின்றிருப்பார், அருமையான காட்சி ஒன்று கிடைத்திருக்கும்.

இது ஓசூருக்கு ஏன் முக்கியம்? தாய்மொழி தெலுங்கு, பேச்சு கன்னடம், பள்ளிக்கூடம் தமிழ், கடைவீதியில் உருது என்று வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அத்திப்பள்ளிக்குப் போனால் ஒரு மாநிலம், சற்றுத் தள்ளிக் குப்பம் பக்கம் இன்னொரு மாநிலம். இப்போது அதன்மேல் இந்தியும் ஒடியாவும் வந்து சேர்ந்திருக்கின்றன. போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தொழிற்சாலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைபேசி பாகங்கள் செய்யும் ஆலை. அங்கே ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஓசூர் ரயிலடியில் வந்து இறங்கும் ஒரு பையன் அதற்குமுன் ஒரு தமிழரையும் நேரில் பார்த்திருக்க மாட்டான். அவன் பார்த்த ஒரே தமிழர் ஐயராக இருக்க வாய்ப்பு உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி இரு மாநில அரசுகளும் மறுக்க வேண்டி வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு தொடரால் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைப் பற்றி அவர்கள் மனதில் நல்ல விதமாக நாலு மனிதர்கள் குடியிருந்திருந்தால், அந்தக் காணொளியைக் கண்டதும் ஒரு கணம் தயங்கியிருப்பார்கள்.

நம் பக்கமும் பேசியாக வேண்டும். தமிழ்ப் படங்களில் சேட்டு என்றால் ‘நம்பள், நிம்பள்’ என்று பேசும் வட்டிக்கடைக்காரர். நாயர் என்றால் டீக்கடை. அறுபது எழுபது ஆண்டுகளாக அதை மாற்றவில்லை. இப்போது அந்த இடத்துக்கு ‘வடக்கன்’ வந்திருக்கிறான். பான்பராக் எச்சில், டிக்கெட் எடுக்காத ரயில் பயணம், இதைத் தாண்டி அவனுக்கு ஒரு தாய், ஒரு கடன், ஒரு ஆசை இருப்பதாக எழுதப்பட்ட நகைச்சுவைக் காட்சி எத்தனை இருக்கிறது? ஐயருக்கு நேர்ந்தது நமக்கு வலிக்கிறது என்றால் இதுவும் வலிக்க வேண்டும்.

இங்கே எழுதுகிறவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். குறும்படம் எடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறேன். சிப்காட் பக்கத்தில் ஒரு வரிசை வீடு. எட்டு வாசல், ஒரு பொதுக் குழாய், ஒரு மொட்டைமாடி. வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிற தமிழச்சி, வாடகை கேட்கும் அளவுக்கு மட்டும் இந்தி கற்று வைத்திருக்கிறார். ரோஜாத் தோட்டத்தை விற்றுவிட்டு ஆலைக் காவலாளியான பாகலூர்க்காரர் ஒருவர். ஆனேக்கல்லிலிருந்து தினமும் எல்லை தாண்டி வரும் கன்னட சூப்பர்வைசர். தருமபுரிப் பக்கத்து ஐ.டி.ஐ. பையன். ராஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தமிழை வந்த ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் மொழிபெயர்ப்பவள், பிடிக்காதவர்களுக்கு வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்ப்பவள். இவர்களை வைத்துப் பதின்மூன்று எபிசோடு எழுதுங்கள். வாரம் ஒன்று. எழுதியதை எடுப்பதற்கு முன் அந்த வரிசை வீட்டு மொட்டைமாடியிலேயே, அந்த மனிதர்கள் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள். ராஞ்சிப் பெண்ணுக்கு எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லையோ, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். லைனை நிறுத்தும் கயிறு அவள் கையில் இருக்கட்டும். பதின்மூன்று முடிந்ததும் நிறுத்துங்கள். இங்கிலாந்து நகைச்சுவைக் கலைஞர் ஜான் கிளீஸ் ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரை 1975இலும் 1979இலுமாக மொத்தம் பன்னிரண்டு எபிசோடுகளோடு முடித்துக்கொண்டார்.